அண்ணன் போட்ட விலை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு கனடாவிலிருந்து அண்ணன் எனக்கு ஒரு பார்சல் அனுப்பினார். போர்ட் பிளேர் தபால் அலுவலகத்தில் அதற்குச் சுங்க வரி கட்டச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்தவர் ஒல்லியானவர், நரைத்த மீசை. எந்தப் பார்சலையும் தேங்காயைப் போல விரலால் தட்டிப் பார்த்த பிறகுதான் பேசுவார், அதுவும் இந்தி கலந்த தமிழில்.

“அன்பளிப்புக்கு எதுக்கு சார் வரி?” என்றேன்.

“உங்க அண்ணன் விலையைக் கூட்டிப் போட்டிருக்காரே பாய்சாப். உள்ளே என்ன?”

“அவர் போட்ட பழைய ஸ்வெட்டருங்க. கௌரவத்துக்குக் கூட்டி எழுதியிருப்பார்.”

“அந்தமான் வெயிலுக்கு ஸ்வெட்டரா? சரி, பழசு, விலை பெறாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வரியைக் குறைக்கக் கேட்டுப் பார்க்கலாம்.”

பேனாவை வாங்கினேன். அண்ணன் கொடுத்ததை விலை பெறாது என்று எழுதக் கை வரவில்லை. வாரக் கூலியை எடுத்து வரியைக் கட்டிவிட்டேன்.

“அரே, பைத்தியமா நீங்க?” என்றார் அவர். பிறகு எழுந்து நின்று, பார்சலை இரண்டு கைகளாலும் நீட்டினார். மற்றவர்களுக்கெல்லாம் உட்கார்ந்தபடியேதான் தள்ளிவிட்டார். திட்டிய மனிதர் எனக்கு மட்டும் ஏன் எழுந்தார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

எழுதியது: ஞாயிறு, 18.8.2013