ஒரு சலவைக்கூடம், இரண்டு குழாய்கள்

ஆடிச் சாரலில் ஒரு நாளாவது நனைய வேண்டும். அதற்காகத்தான் போனேன். சென்னையிலிருந்து இரவு ரயில், காலையில் தென்காசி. குற்றாலத்துக்குப் பேருந்தில் கால் மணி நேரம். ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ், வாடகை ஆயிரத்து இருநூறு. வாசலில் பச்சைப் பலகை: 'இயற்கையைக் காப்போம்'.

மறுநாள் குளித்துவிட்டு வந்தால் மூக்குக்கண்ணாடி இல்லை. மெத்தையில் கழற்றி வைத்தது. விரிப்பை மாற்றியவர்கள் அதோடு சுருட்டிவிட்டார்கள்.

"இலத்தூருக்குப் போயிருக்கும் சார். நம்ம துணி அங்கனதான் வெளுக்குது," என்றார் மேலாளர்.

எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவில் போக வர முந்நூறு. கண்ணாடி இல்லாமல் வழியெல்லாம் கலங்கிய பச்சை.

சலவைக்கூடம் ஸ்டெல்லா அக்காவுடையது. கண்ணாடியை எடுத்து வைத்திருந்தார். "கண்ணு தெரியாதவுக ஒருத்தர் வாராவன்னு போன் வந்துச்சு," என்று சிரித்தார்.

போட்டுக்கொண்டேன். முதலில் தெரிந்தது நுரை. பின்பக்கத்து வாய்க்கால் முழுக்க. ஆனால் அதன் கரையிலேயே மணலும் கரியும் நிரப்பிய சுத்திகரிப்புத் தொட்டி. புதிது.

இயந்திரத்திலிருந்து இரண்டு குழாய்கள். ஒன்று தொட்டிக்கு, மற்றது வாய்க்காலுக்கு. நடுவில் வால்வு. அடுத்த மூட்டை உள்ளே போனது. எங்கள் லாட்ஜின் பெயர் தைத்த விரிப்புகள். அதுவரை தொட்டிப் பக்கம் இருந்த வால்வை அக்கா வாய்க்கால் பக்கம் திருப்பினார்.

"ஏன்க்கா?"

"முன்ன போட்டது செங்கோட்டை ரிசார்ட்டு துணி. அஞ்சு வருசமா எங்கிட்டதான். தொட்டி கட்டப் பாதி அவுகதான் குடுத்தாவ. மாசாமாசம் வந்து தண்ணியப் பாக்காவ."

"எங்க லாட்ஜ்?"

"அவுக சீசனுக்குச் சீசன் ஆள மாத்துதாவ. தொட்டியில மணலும் கரியும் மாத்துத செலவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டேன். தென்காசிக்காரன் குறைச்சுத் தாரான், அங்கன போடட்டான்னு கேக்காவ. போட்டா இங்கன நாலு பொம்பளையளுக்கு வேலை இல்ல."

ஒரே கை. ஒரே சோப்பு. யார் துணியோ, அதைப் பொறுத்துத் தண்ணீரின் விதி.

"வாய்க்கால் எங்க போகுது?"

"எங்க அண்ணன் வயலுக்கு." வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் இப்பம் எங்கிட்டப் பேச மாட்டுக்கான்."

திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னேன். "விரிப்பு வெள்ளையா இருக்கா இல்லயா சார்? இத்தன வருசத்துல யாரும் இதக் கேட்டதில்லயே," என்றார்.

வெள்ளையாகத்தான் இருந்தது. அன்றிரவு அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெறும் மெத்தையில் படுத்தேன். எதற்கென்று தெரியவில்லை. ஏற்கெனவே வெளுத்த துணி.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், அருவியில் கூட்டம் குறைவு. கண்ணாடியை மெத்தையில் வைக்காதீர்கள். விரிப்பைத் தினமும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறை கேட்டுப் போன் செய்யும்போது, வெந்நீர் உண்டா என்று கேட்ட பிறகு, துணி வெளுத்த தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். இதுவரை ஒரே ஒருத்தர்தான் கேட்டார் என்பார்கள்.

இரண்டாவது ஆளாக இருங்கள்.