ரைட்டர் சக்திவேல் அழித்த கோப்பு

கொட்டச்சேட்டில் எங்கள் காப்பி எஸ்டேட் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் சக்திவேல் அண்ணன். பதினெட்டு வருஷம் காப்பிக் காட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். சரிவில் விழுந்து முழங்கால் போன பிறகு மேஜையில் உட்கார வைத்தார்கள். சேலத்துக்காரர் ஒருவர் போனில் சொல்லச் சொல்ல, சர்வரை ஓட்டும் லினக்ஸை நோட்டில் தமிழில் எழுதிப் படித்துக்கொண்டார்.

போன வருஷம் எஸ்டேட் கைமாறியது. இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்ததற்குப் பதிவு இருந்தால்தான் தொழிலாளர் லைன் வீட்டில் தொடர்ந்து இருக்கலாம் என்றார்கள் புது முதலாளிகள். பலரிடம் பி.எஃப். தாள் இருந்தது. காப்பி பறிக்கும் வீராயி அக்காவிடம் எதுவும் இல்லை. காகிதப் பதிவேடுகள் மழையில் மக்கிவிட்டன. அவற்றைப் பார்த்து முன்பு டைப் செய்த எக்செல் கோப்பு ஒன்றுதான் மிச்சம். அக்காவின் முப்பத்தொரு வருஷம் அதில்தான் இருந்தது.

பதிவுகளை ஒப்படைக்குமுன் சர்வரில் வைரஸ் இல்லை என்று காட்டச் சொன்னார்கள். வைரஸ் தேடும் மென்பொருளோ தொடங்கிய சில நிமிடத்தில் நின்றுவிடும். மூடுபனியில் நெட் விட்டுப்போவதுதான் காரணம் என்று அண்ணன் இரண்டு நாள் நினைத்தார். பிறகு சர்வர் தானே குறித்துவைக்கும் லாக்கை வரி வரியாகப் படித்தார். மெமரி போதாமல் சர்வரே அதை நிறுத்தியிருந்தது. ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடத்தை மெமரிக்காக ஒதுக்கினார். ஓடியது.

"நம்மளாட்டந்தான் கண்ணு. நிக்க எடங்குடுத்தா வேலை செய்யுது" என்றார் என்னிடம்.

வைரஸ் கண்ட கோப்பைத் தனியே ஒதுக்குவதா, அழிப்பதா என்று முன்கூட்டியே ஒரு வரி எழுத வேண்டும். அவர் யோசிக்கவே இல்லை. தண்டுத்துளைப்பான் வண்டு புகுந்த காப்பிச் செடியை யாரும் ஓரமாக எடுத்து வைப்பதில்லை. அன்றைக்கே வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிடுவார்கள். அழி என்றே எழுதினார். பேக்கப் டிஸ்க்கும் அப்போது செருகித்தான் இருந்தது.

எக்செல் கோப்பில் நாள்கணக்கைத் தானே கூட்டும் பழைய மேக்ரோ ஒன்று இருந்தது. மென்பொருள் அதை வைரஸ் என்று எடுத்துக்கொண்டது. சர்வரிலும் பேக்கப்பிலும் இருந்த இரண்டு பிரதிகளும் போயின. நான்கு நாள் மீட்கப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அக்காவிடம் அவரே போய், காப்பிச் செடியை உதாரணம் காட்டிச் சொன்னார்.

"ஏனுங்க ரைட்டரே, நல்ல செடியவா புடுங்கிப்போட்டீங்க?"

"ஆமாங்க்கா."

கூட வேலை பார்த்த ஆறு பெண்களிடம் கைநாட்டு வாங்கி மனு கொடுத்தார். பதிவு இல்லாமல் முடியாது என்று திருப்பிவிட்டார்கள்.

மகள் வீட்டுக்கு அக்கா கிளம்பிய அன்று, மூட்டைகளை அண்ணன்தான் நொண்டி நொண்டி பஸ்ஸில் ஏற்றினார்.

"அந்த லிஸ்டுல எம்பேரு எத்தனாவதுங்க?"

"கடைசிங்க்கா."

"முப்பத்தொரு வருசம் செஞ்சும் கடைசியா? நேத்து வந்த காமாட்சி எனக்கு முன்னாலயா?"

"எழுத்து வரிசைங்க்கா. வ கடைசிலதானுங்க வரும்."

"போவுது. பேராச்சும் இருந்துச்சில்லீங்க" என்றார் அக்கா. கண்டக்டர் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். போனார்.