தலையாட்டினால் நட்சத்திரம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் எங்கள் ஆட்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் சிங்களச் சொல் ‘ஹரி’. சரி என்று அர்த்தம். பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ கத்துவார்: ஹரி. வங்கியில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஏதோ கேட்பார்கள்: ஹரி, ஹரி. விளங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள். விளங்காததால்தானே அந்தச் சொல்லே! பின்னால் வரிசை நெருக்கும், முன்னால் இருப்பவருக்குப் பொறுமை இருக்காது, இதுகூடத் தெரியாதா என்ற பார்வை வருவதற்குள் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிட வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் நானும் அப்படித் தலையாட்டித்தான் காலத்தை ஓட்டினேன்.

ஆகவே, தமிழர்களுக்குப் பேச்சுச் சிங்களம் படிப்பிக்கும் இணையவழிப் பாடநெறி ஒன்றை வடிவமைக்கும் வேலை ஒஃபிஸில் என்னிடம் வந்தபோது, என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பழங்களின் பெயரையும் கிழமைகளின் பெயரையும் மனப்பாடம் செய்து ஒருவரும் பிழைக்கப் போவதில்லை. நான் ஓர் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரை அமைத்தேன். மின்விசிறி கடகடக்கும், பின்னால் யாரோ இருமுவார்கள், மருந்து கொடுப்பவர் நிமிர்ந்து பார்க்காமல் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார். போன் திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘ஹரி’. மற்றது ‘தேருணே நே’, அதாவது விளங்கவில்லை. ஹரியை அழுத்தினால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஆனால் அடுத்த காட்சியில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். மேசையில் மூன்று பைக்கற் குளிசை. எதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது? சொல்லுங்கள் பார்ப்போம்!

அதைச் செய்து முடித்த அன்று எனக்கு என் மீதே கொஞ்சம் மதிப்பு வந்தது.

எங்கள் மேலாளர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விளங்காமல் ஒரு நாளும் ஒரு கவுண்டரில் நின்றிருக்க மாட்டார். பரீட்சார்த்தமாகப் பார்த்த சிலர் அந்த இடத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்.

“ஆக்கள் பயப்படுறாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில அப்படிப் பேசுறாங்க எண்டு காட்டினா காசு குடுக்கிறவங்களும் விரும்ப மாட்டாங்க. கொஞ்சம் பொசிட்டிவா செய்வமே.”

“சேர், பயம் வாற இடத்திலதானே பழக வேணும்?”

“நீங்க ஓவரா யோசிக்கிறீங்க.”

பாடத்தை மாற்றிவிட்டார்கள். மருந்து கொடுப்பவருக்கு வானொலி அறிவிப்பாளரைப் போல ஒரு தேன்குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாக, சிரித்துச் சிரித்து, கீழே தமிழ் எழுத்தும் ஓட. இருமல் போனது, மின்விசிறி போனது, ‘தேருணே நே’ பொத்தானும் போனது. ஹரியை அழுத்தினால் திரை முழுக்க நட்சத்திரங்கள் வெடித்தன. விளங்காமல் தலையாட்டுவதற்கு எங்கள் சனத்துக்குப் பரிசு கொடுக்கும் பாடம்! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரம் அக்கா பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்வதற்காக என் ஃப்ளாட்டில் வந்து தங்கியிருந்தார். வயிற்று நோ வந்தால் சுருண்டுகொண்டு கிடப்பார், பார்க்கச் சகியாது. ஊரில் தபால் கந்தோர்க் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். பாடநெறி வெளிவந்ததும் முதல் ஆளாகப் போனில் இறக்கி, எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிட்டார். “நான் கவுண்டருக்கு உள்ளுக்க இருந்தவள். வெளியில நிக்க எனக்கென்ன பயம்? நான் தனியப் போறன்” என்று கிளினிக்குக்குப் போனார்.

பின்னேரம் வந்ததும் கேட்டேன்.

“என்ன சொன்னவை?”

“வெறும் வயித்தோட வரட்டாம். எல்லாத்துக்கும் ஹரி எண்டு சொன்னனான்” என்றார், பெருமையாக.

ஒப்பரேஷன் அன்று காலையில் இளம் டொக்டர் ஒருவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசையை எப்போது நிறுத்தினார்? அக்கா ஒரு நாளும் நிறுத்தவில்லை. காலில் இரத்தம் கட்டியதிலிருந்து போட்டுவருகிற குளிசை, முதல்நாள் இரவும் போட்டிருந்தார். அதை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னதற்கும் ஹரி சொல்லியிருக்கிறார். இப்படியே வெட்டினால் இரத்தம் நிற்காது, இன்றைக்கு முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

எனக்கு மண்டை கொதித்தது. அடுத்த நாள் மேலாளரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன். நடந்ததைச் சொன்னேன். உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு சொன்னார்:

“ரியல் லைஃப் கொஞ்சம் வித்தியாசம்தானே?”

அட கடவுளே! “அந்த வித்தியாசத்தைப் படிப்பிக்கத்தானே சேர் எனக்குச் சம்பளம் தாறீங்கள்!” என்று கத்தினேன். வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பொத்தானைத் திருப்பிப் போடச் சொன்னேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்.

அடுத்த பதிப்பு வரும்வரை அக்காவின் பித்தப்பை காத்திருக்குமா? என் பாடத்தை என் குசினியிலேயே தொடங்கினேன். சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் சின்ன ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நேர்ஸ். அந்தப் பக்கம் அக்கா. அவருக்குப் பின்னால் என் கணவர், சாமான் பையால் இடித்து இடித்து, “இக்மன் கரன்ன, இக்மன் கரன்ன” என்று அவசரப்படுத்துவார். நான் முகத்தைப் பார்க்காமல் படபடவென்று சிங்களத்தில் பொரிந்து தள்ளுவேன். முதலில் அக்கா சிரித்தார். பிறகு அவர் வாயிலிருந்து தன்னையறியாமல் ஹரி வந்தது. நான் ஜன்னலை அறைந்து சாத்தினேன். “விசரி, நான் உனக்கு அக்கா!” என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனாலும் ஜன்னலைத் திறந்து திரும்பவும் தொடங்கினேன். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடேயே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

நான் வாயைத் திறப்பதில்லை என்பது ஒப்பந்தம். நேர்ஸ் திகதியைச் சொன்னார், மற்றதையும் வேகமாகச் சொன்னார். அக்காவின் தலை ஆடத் தொடங்கியது. பிறகு நின்றது.

“தேருணே நே, மிஸ். ஹெமின் கியன்ன.”

மெதுவாகச் சொல்லுங்கள் என்றதற்கு நேர்ஸ் அதே வேகத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னார். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா அலுமாரியைப் போல அசையாமல் நின்று, “தேருணே நே” என்றார் மறுபடியும். மூன்றாவது தடவை நேர்ஸ் பேனையைப் போட்டுவிட்டு, கதவடியில் தள்ளுவண்டியோடு நின்ற சிற்றூழியரைக் கூப்பிட்டார். அவர் வந்து தமிழில் சொன்னார்: எந்தக் குளிசையை, எந்த நாளிலிருந்து நிறுத்த வேண்டும், அதற்குப் பதிலாக எந்த ஊசி. நாலே நாலு வசனம்.

“போன முறையே என்னயக் கூப்பிட்டிருக்கலாமே அக்கா” என்றார் அவர், கிளினிக் அட்டையில் வெட்டியிருந்த பழைய திகதியைப் பார்த்து. “நான் டெய்லி இங்கதான நிக்கிறேன்.”

தினமும் அங்கேதான் நின்றிருக்கிறார்! கூப்பிட வேண்டும் என்று அந்த நேர்ஸுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் கேட்பதற்கான பொத்தானை நாங்கள் எடுத்துவிட்டிருந்தோம்.

பஸ் தரிப்பிடத்தில் அக்கா குளிசையின் பெயரையும் நாளையும் எனக்குப் பிழையில்லாமல் ஒப்புவித்தார். பிறகு போனை எடுத்து அந்தப் பாடநெறியைத் திறந்து என்னிடம் நீட்டினார். திரையில் நட்சத்திரங்கள் மினுங்கிக்கொண்டிருந்தன.

“இதுகளை உன்ர சேரிட்டத் திருப்பிக் குடு” என்றார். “நான் விளங்காமல் வாங்கினது.”