கரி பூசிய தகடு

கும்மிடிப்பூண்டி ஆலையில் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஷிப்ட் சூப்பர்வைசர். கரி பூசிய உலோகக் கலவைத் தகடு ஒன்றை எங்கள் தொட்டியில் போட்டுப் பார்க்க ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். மின்சாரச் செலவு பாதியாகும் என்று அளந்துவிட்டார்.

இஸ்திரி கலையாத சட்டை. எந்த நாற்காலியையும் வெள்ளைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைக்காமல் உட்கார மாட்டார். அவற்றில் தினமும் உட்காரும் எங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

மின்சாரம் சட்டென்று நின்றால் தொட்டிக்குள் மின்னோட்டம் சற்று நேரம் திரும்பி ஓடித் தகட்டை அரிக்கும். மீஞ்சூர்க்கார ஆபரேட்டருக்கே அது தெரியும்.

"சார், கரண்டு போச்சுன்னா இந்தக் கரி இன்னா ஆவும்? இங்க தெனம் ரெண்டு வாட்டி போவுது."

"போகாதுன்னு வெச்சுக்கணும்பா. ஆராய்ச்சின்னா அப்படித்தான்."

"அத்திப்பட்டு கரண்டு ஸ்டேஷன் பக்கத்துலயே கீது, எங்களுக்கே கரண்டு தங்கல. உங்களுக்கு மட்டும் தங்குமா சார்?"

அவர் கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார்.

மூன்றாம் நாள், கரண்டு நாலைந்து முறை போன பிறகு, தகட்டைத் தூக்கிக் கழுவினோம். பூச்சில் பெரும்பகுதி தொட்டியின் அடியில் சேறாகக் கிடந்தது. மிச்சத்தைத் தன் கைக்குட்டையால் வழித்தெடுத்தார். பிறகு உட்கார்ந்து, 'தடையில்லா மின்சாரத்தில் பூச்சு உதிரவில்லை' என்று அறிக்கை எழுதினார். பொய் என்று தெரிந்தே எழுதினாரா, இல்லை நிஜமாகவே அப்படி நம்பினாரா என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். அதே கைக்குட்டையால் எனக்கொரு நாற்காலியைத் துடைத்து, "உட்காருங்க சார்" என்றார்.

நாற்காலி முழுக்கக் கரி. உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன்.