தபீதாள் டீச்சர் சொன்ன படக்கதை

தாம்பரத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தபீதாள் டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. வாய் சும்மா இருக்காது. அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்த வாய்தான். ஒரு தடவை சங்கடத்தில் மாட்டிவிட்டதும் அதுதான்.

அறுபத்தெட்டில், ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே ஆராய்ச்சி செய்வது எப்படி என்று காட்டும் வெளிநாட்டுப் படம் ஒன்று வந்தது. அக்கம்பக்கத்து ஆசிரியர்களை வரவழைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, புரொஜெக்டரைப் போட்டால் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. வெள்ளைக்கார வாத்தியார் பிள்ளைகளிடம் ஏதோ கேட்கிறார், குறித்துக்கொள்கிறார். கூட்டம் நெளிய ஆரம்பித்தது. குரோம்பேட்டையிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் வெயிலில் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப தபீதாளுக்கு மனம் வரவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"காலையில என்ன சாப்பிட்டேன்னு ஒவ்வொரு பிள்ளையா கேக்கறார். கணக்கு நேரத்துல யார் தூங்கி வழியறாங்கன்னு குறிச்சுக்கறார்."

இப்படியே கடைசிவரை அளந்து தள்ளினார். கைதட்டல் வேறு!

சில மாதம் கழித்து, மெஷினைச் சரி பண்ணிக்கொண்டு பட்டணத்து அதிகாரி பட்டாபிராமன் வந்தார். அதே ஆசிரியர்கள், அதே படம். இப்போது சத்தமும் வந்தது. அவர் அதைத் தமிழில் சொல்லச் சொல்லத்தான் விஷயம் தெரிந்தது: வாத்தியார் சாப்பாட்டைப் பற்றியே கேட்கவில்லை. கரும்பலகை எழுத்து தெரிகிறதா என்றுதான் கேட்டிருக்கிறார்.

தபீதாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேரைத் தப்பு வழியில் அனுப்பிவிட்டோமே, இனி தன் பேச்சை யார் நம்புவார்கள்? விளக்கு போட்டதும் எழுந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது எல்லாம் என் சொந்தச் சரக்கு. மன்னிச்சிடுங்க."

முடிச்சூர்ப் பக்கம் வேலை பார்க்கும் கன்னியம்மா டீச்சர் விடவில்லை.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி! நீங்க சொன்னா மாதிரிதான் நான் பசங்களைக் கேட்டுப் பாத்தேன். பாதிப் பசங்க காலைல வெறும் வயித்தோட வருதுங்க. கணக்குப் பாடத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்தினேன். இப்போ கடைசி பெஞ்சு கூட கை தூக்குது!"

அங்கங்கே இன்னும் சிலர் தலையாட்டினார்கள். பட்டாபிராமன் சிரித்துவிட்டார்.

"படத்துல இல்லாத கேள்வி உங்களுக்கு எப்படிம்மா தோணித்து?"

தபீதாளுக்கு மனசு லேசாகிவிட்டது. அவரும் சிரித்தார்.

"சின்ன வயசுல கணக்குல முட்டை வாங்கினவ சார் நான். சாப்பிட்டியான்னு அப்போ ஒருத்தரும் கேக்கலை."