பர்னஸ்காரருக்கும் குளிரும்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வீரராகவனுக்கு வேலை. இருபத்திரண்டு வருஷமாக பர்னஸ் என்கிற உலைக்கு முன்னால்தான் நிற்கிறார். வெக்கையில் நெற்றித் தோல் கறுத்து, புருவ மயிர் பாதி கருகிப் போயிருக்கும். வயது ஐம்பத்திரண்டு. சோழவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு, ஒன்றரை ஏக்கர் நெல் நிலம், மனைவி சந்திரகலா. மகள் நந்தினியைத் திருவள்ளூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்கு. நாலே முக்காலுக்கெல்லாம் வண்டியை எடுத்தால்தான் சரியாக இருக்கும். மற்ற மாதங்களில் அது சுகமான சவாரி. மார்கழி பிறந்துவிட்டால் கதையே வேறு. ஊட்டிக்காரர்கள் கேட்டால் இதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பார்கள். சோழவரம் ஏரிப் பக்கத்து ஈரக்காற்றில், மெல்லிய சட்டையோடு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அவர்கள் போய்ப் பார்த்ததில்லை.

சந்திரகலா செங்குன்றத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். அவர் தொடவே இல்லை.

"பர்னஸ்காரனுக்கு ஸ்வெட்டரா? பாத்தா சிரிப்பானுங்கமே. நெருப்புலயே நிக்கிற உடம்பு, எனக்கு இன்னா குளிரு?"

சொல்வதுதான் அப்படி. பாதி வழியில் ஆளில்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார். குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் இன்ஜினுக்குப் பக்கத்தில் காட்டிச் சூடேற்றிக்கொள்வார். கவரைப்பேட்டை டீக்கடையில் டீயைக் குடிக்கிற நேரத்தைவிடக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம்தான் அதிகம். இதெல்லாம் சந்திரகலாவுக்குத் தெரியாது.

போன மார்கழியில் ஒருநாள் பனிமூட்டம் கெட்டியாக இருந்தது. தச்சூர் தாண்டி, விளக்கே இல்லாமல் ரோட்டிலேயே ஒரு லாரி நின்றிருந்தது. கிட்டே போன பிறகுதான் கண்ணில் பட்டது. பிரேக்கைப் பிடிக்கப் போனார். விறைத்திருந்த விரல்கள் மடங்கவில்லை. கால் பிரேக்கை மிதித்து, வண்டியை இடதுபக்கம் ஒடித்தார். வண்டியோடு பள்ளத்தில் சரிந்தார். முட்டி சிராய்த்தது, பேன்ட் கிழிந்தது. உயிர் பிழைத்ததை நம்புவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

மதியம் வீட்டுக்கு வந்ததும், "வர்ற வழில நெலத்த எட்டிப் பாத்தேன், வரப்புல வழுக்கிட்டேன்" என்றார்.

சந்திரகலா பேன்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் நிலத்தில் நடவும் களையும் அவள் கையால்தான்.

"நம்மள்து களிமண்ணுயா. இதுல செம்மண்ணும் ஜல்லியும் ஒட்டிக்கினு இருக்குது. எங்க வியுந்த, சொல்லு."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. லாரியைச் சொன்னார், மடங்காத விரல்களைச் சொன்னார். இன்ஜின் பக்கத்தில் குந்தி உட்காருவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வெந்நீர் வைத்து முட்டியைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் வண்டியை வெளியே தள்ளும்போது, அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேன்."

"எங்கமே?"

"கவரைப்பேட்ட வரிக்கும். அங்கிருந்து பஸ் புடிச்சி வந்துடுவேன். எட்றா வண்டிய."

கோபம் வந்தால்தான் அவளுக்கு 'றா' வரும். அவர் வண்டியை எடுத்தார்.

மெயின் ரோடு ஏறியதும் காற்று அறைந்தது. சந்திரகலா அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரத்திலேயே அவள் பற்கள் தடதடவென்று அடித்துக்கொள்வது அவருக்குக் கேட்டது. அவள் கைகளை முன்னால் கொண்டுவந்து அவர் நெஞ்சில் வைத்தாள். சட்டை ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே அந்த உடம்பு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் நடுங்கி அவள் கண்டதே இல்லை.

டீக்கடையில் கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கயா ரொம்பக் குளிருது?"

யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

"மொதல்ல நெஞ்சு. அப்பறம் வெரலு. முட்டி பரவால்ல."

அவள் தலையாட்டினாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே தையல் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய ரெயின்கோட்டை வெட்டி, உள்பக்கம் கம்பளித் துண்டு வைத்து, கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ஒரு மறைப்பு தைத்தாள். முதுகில் நாடா கட்டிச் சட்டைக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. விரலுக்குத்தான் வழி சுலபமாகக் கிடைக்கவில்லை. கிளவுஸ் தைத்துப் பார்த்தாள். தடிமனாகப் போய் பிரேக் சரியாகப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள், ஐந்து லிட்டர் ஆயில் கேன்கள் இரண்டைக் குறுக்கே அறுத்து, உள்ளே துணி ஒட்டி, ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளிலும் மாட்டினாள். வெறுங்கையை உள்ளே விட்டால் காற்றே படவில்லை. பிரேக்கும் கிளட்சும் எப்போதும் போலக் கைக்கு வந்தன.

"மாட்டுக் காது மாரி இருக்குதுமே" என்று வீரராகவன் நெளிந்தார்.

"இருக்கட்டும். ஓட்டு."

ஆலை வாசலில் செக்யூரிட்டி ஜெயராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாண்ணே, வண்டிக்குக் காது மொளச்சிக்குது?" பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வீரராகவன் நேராகப் போய் வருகை பதியும் மிஷினில் விரலை வைத்தார். மார்கழியில் விறைத்த விரலை அது மூன்று தடவை துப்பிவிட்டுத்தான் ஒத்துக்கொள்ளும். அன்று ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. ஜெயராஜ் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போனான். கேனுக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"அண்ணே, அண்ணிகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு..."

"நீயே கேளு. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா."

ஜெயராஜ் வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கேனுக்கு மெக்கானிக் கடைகளில் அலைவதும், நெல் அறுக்கிற கருக்கரிவாளால் அறுப்பதும் வீரராகவன் வேலையாயிற்று. பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் சந்திரகலா திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அவர் மூன்றாவது தடவையாக ஒரு கேனின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நந்தினி போன் செய்தாள்.

"அப்பா இன்னாம்மா பண்றாரு?"

"கேன் அறுத்துக்கினு இருக்காரு. இன்னும் கை திருந்தல" என்றாள் சந்திரகலா. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அடுத்த துணியை மிஷினில் வைத்தாள்.