அமைதிப் பெட்டியில் ஒரு தூதர்

ஜெர்மானியர்களே சும்மா இருந்த இடத்தில் சட்டம் பேசப் போன அதிமேதாவி நான். எசனிலிருந்து லைப்சிக் போகும் ரயிலில், சத்தம் கூடாத பெட்டியில், கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மா போனில் ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்தார். அறிவிப்புப் பலகையைக் காட்டி ஜெர்மனில் கண்டித்தேன். என் ஜெர்மனைக் கேட்டாலே நான் தமிழன் என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது.

அவர் போனைப் பொத்திக்கொண்டு தமிழிலேயே பதில் சொன்னார். "தம்பி, அமெரிக்காவுக்குப் போற வழியில என்ர மகனைப் பனாமாவில பிடிச்சு வச்சிருக்கினம். ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தமாம், இண்டைக்கே பிளேன்ல ஏத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகினமாம். லோயர் நாளைக்குத்தான் அங்க போவார். கதைக்காமல் இருக்க ஏலாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கே ஒரு மனிதாபிமான விருது எதிர்பார்த்தேன்.

பனாமா அதிகாரி லைனில் வந்ததும் அவர் எழுந்து நின்றார். அந்த ஆள் எதிரிலேயே இருப்பதுபோல, பேச்சு முடியும்வரை உட்காரவே இல்லை. ரயில் வளைவில் சாய்ந்தது, அவர் சாயவில்லை. முதலில் ஏதோ கேட்டார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம். பிறகு பேச்சு நீண்டது. அதில் கெஞ்சலும் இல்லை, அழுகையும் இல்லை.

கடைசியில் பொத்தென்று உட்கார்ந்தார். "லோயர் வருமட்டும் ஏத்தமாட்டினமாம்."

இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்ட காரியத்தை ஒரே போனில் தள்ளிவைத்தவரை வாய்பிளந்து பார்த்தேன். எந்த ராஜதந்திரமோ, தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அந்த ஆஃபீசர் கிட்ட முதல்ல என்னக்கா கேட்டீங்க?"

"சாப்பிட்டியளோ எண்டு கேட்டனான்."